கொடுத்தவர் பெயர் எங்கே நிற்க வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் திருகோணமலையிலிருந்தும், திருகோணமலையை விட்டுப் போனவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைப் பற்றியவை. மாவட்டத்தில் ஏதேனும் ஒரு துறையில் முதலில் அடியெடுத்து வைத்த பெண்களைக் கௌரவித்து, அவர்கள் பெயரில் மாணவிகளுக்குப் புலமைப்பரிசில் வழங்கும் ஒரு சிறிய நற்பணி அமைப்பும், அதற்குப் பணம் கொடுப்பவர்களும் எதிர்கொள்ளும் கேள்விகள் அவை. ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கே இப்பக்கங்களைத் தருகிறேன்.

கேள்வி: எங்கள் அமைப்பு ஆண்டுக்கொரு முன்னோடிப் பெண்மணியைத் தெரிவுசெய்து விழா எடுத்து, அவர் பெயரில் ஒரு மாணவிக்கு உயர்தரம் முடியும் வரை புலமைப்பரிசில் வழங்கி வருகிறது. இவ்வாண்டு ஒரு வணிகர் முழுச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொல்கிறார். ஆனால் அழைப்பிதழின் முகப்பிலும், மேடைப் பதாகையிலும், புலமைப்பரிசிலின் பெயரிலும் காலஞ்சென்ற தம் தாயாரின் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கிறார். குழுவில் பாதிப்பேர் ஏற்கலாம் என்கிறார்கள். என்ன செய்வது? (செயலாளர், திருகோணமலை)

பதில்: அந்த நிபந்தனையை ஏற்காதீர்கள், அந்த மனிதரையும் இழந்துவிடாதீர்கள். இரண்டும் ஒருங்கே இயலும் என்பதற்கு நம் கோவில்களே சான்று. பத்திரகாளி அம்பாளின் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் உபயத்தை ஏற்ற குடும்பத்தின் பெயர் விழாப் பத்திரிகையில் அன்றைய நாளுக்கு நேரே அச்சாகிறது. பூசை முடிந்ததும் அவர்களுக்குக் காளாஞ்சி கொடுத்து மரியாதை செய்கிறார்கள். ஆனால் வீதியில் முதலில் வருவது அம்பாள்தான், உபயகாரர் அல்லர். செலவு முழுவதையும் நான் ஏற்கிறேன், ஆகையால் இன்றைக்கு என் தாயாரின் படத்தை வாகனத்தில் ஏற்றுங்கள் என்று எந்த உபயகாரரும் கேட்டதில்லை. இந்த ஒழுங்கு உங்கள் வணிகருக்கும் பழக்கமானதே. அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பை, அவர் மதிக்கும் வயதான ஒருவரிடம் கொடுங்கள்.

நான் இதில் இவ்வளவு உறுதியாக நிற்பதற்குக் காரணம், பல ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட ஒரு விழா. கடலோரக் கிராமங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சைக்கிளிலும் வள்ளத்திலும் போய்ப் பிரசவம் பார்த்த ஒரு குடும்பநல மருத்துவமாதுவுக்குப் பாராட்டு. அழைப்பிதழில் கொடையாளர்களின் பெயர்கள் பதினொரு வரிகளுக்குத் தடித்த எழுத்தில் நின்றன. அவருடைய பெயர் அடியில் இருந்தது. கொடையாளர் சார்பில் பேசியவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். ஏற்புரைக்கு அவருக்கு இரண்டு நிமிடம் என்று சொல்லிவிட்டார்கள். நினைவுச் சின்னத்தைக் கையில் வாங்கி இருக்கைக்குத் திரும்பியவர், கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அதை வாசித்தார். அனுசரணை வழங்கிய நிறுவனத்தின் பெயர் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. அவருடைய பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. விடுபட்ட இடத்தைப் பெருவிரலால் இரண்டு முறை தடவிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த என்னிடம், “பரவாயில்லை பிள்ளை, கிளினிக் அட்டையில எத்தனை பேருடைய பேரை நானும் பிழையா எழுதியிருப்பன்” என்று சொல்லிவிட்டு, அதைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். அவர் பொறுத்துக்கொண்டார். என்னால் இன்றுவரை அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அந்த எழுத்தைச் சரிபார்க்க ஒரு பைசாவும் செலவாகியிருக்காது.

இனிச் செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். விழா மலரில் வணிகருடைய தாயாரின் படத்தோடு ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். முன்னோடியின் பெயரிலேயே இருக்கும் புலமைப்பரிசிலின் கீழ், இவ்வாண்டு உபயம் இன்னாரின் நினைவாக என்று ஒரு வரி இடுங்கள். அது போதாது என்றால், தாயாரின் பெயரில் ஒரு பாடசாலை நூலகத்துக்குத் தனியாக நூல்கள் வாங்கிக் கொடுக்க அவருக்கு நீங்களே வழிகாட்டுங்கள். அதோடு, முழுச் செலவையும் ஒருவரிடம் வாங்குவதையே நான் விரும்பவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருவரிடமிருந்து பெறுவதில்லை என்று அமைப்பின் யாப்பிலேயே எழுதி வையுங்கள். இன்று ஒருவர் எல்லாவற்றையும் கொடுத்தால், ஆண்டுதோறும் ஐந்நூறும் ஆயிரமுமாகக் கொடுத்து வந்தவர்கள் தங்கள் பணம் தேவையில்லை என்று விலகிவிடுவார்கள்; மறு ஆண்டு அவருடைய வியாபாரம் நலிந்தாலோ மனம் மாறினாலோ, பத்தாம் ஆண்டிலிருந்து உங்களை நம்பிப் படித்த பிள்ளை பன்னிரண்டாம் ஆண்டில் நடுவழியில் நிற்பாள்.

ஒப்புக்கொள்வது எதுவாயினும் ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். எத்தனை ரூபாய், எப்போது, எதற்கு, பெயர் எங்கே எந்த அளவில் வரும், தெரிவுக் குழுவில் கொடையாளருக்கு இடமில்லை என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வழியில்லாத குடும்பங்கள் நம்மைச் சுற்றி இருக்கையில், என்றோ சாதித்த பெண்களுக்கு விழா எடுப்பதற்குப் பணம் கொடுப்பது முறையா? (வாசகர், உப்புவெளி)

பதில்: பணம் பொன்னாடைக்கும் மாலைக்கும் விருந்துக்குமே போகுமானால் முறையன்று, அந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் முன்னோடிப் பெண்களின் வரலாற்றைப் பார்த்தால், பசித்தவரும் அவர்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றதில்லை. 1925இல் பிறந்து 2008இல் மறைந்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோவிலின் நிர்வாகத் தலைமையை ஏற்றபோது, ஒரு பெண் கோவில் நிர்வாகத்தை நடத்துவதே ஊருக்குப் புதுமை. அவர் அந்தப் பதவியை வைத்துக்கொண்டு செய்ததில் முக்கியமானது, ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை எழுப்பியது. சொற்பொழிவு மேடைகளில் அவர் பேச்சைக் கேட்டவர்கள் கொடுத்த பணமும் அதற்கு உதவியது. கடல் கடந்து பார்த்தால், சென்னை மாகாணச் சட்டசபைக்கு 1927இல் நியமனமான முதல் பெண் உறுப்பினராகிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறவாமல் ஆண்டுக்கணக்காக நிதி திரட்டியதன் பயனாகவே அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. இத்தகையோரின் பெயரில் ஒரு பிள்ளையைப் படிக்க வைப்பது, அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையை அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதாகும். விழாச் செலவு திரட்டிய நிதியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா என்று அமைப்பிடம் கேளுங்கள். தாண்டினால், கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஓய்வூதியத்திலிருந்து மாதம் 1,000 ரூபாய் கொடுக்க விரும்புகிறேன், சிறிய தொகைதான். என் பணம் ஒழுங்காகப் போய்ச் சேருமா என்பதை எப்படி அறிவது? தருமத்துக்குக் கொடுத்தால் வரியில் கழிவு உண்டு என்கிறார்களே, அதுவும் உண்மையா? (வாசகி, சாம்பல்தீவு)

பதில்: வரிக் கழிவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் தருமங்களுக்கான கழிவை, நோயாளரையோ வறியவரையோ நிறுவனத்தில் வைத்துப் பராமரிப்பதற்காக அமைக்கப்பட்டு, அமைச்சரால் அங்கீகரிக்கப்பட்ட தரும நிலையங்களுக்கு அளிக்கும் பணத்துக்கே தருகிறது. பதிவு செய்த எந்தச் சங்கத்துக்குக் கொடுத்தாலும் கழிவு கிடைக்கும் என்பது சரியன்று. பெண் தலைவர்களைக் கௌரவித்துப் புலமைப்பரிசில் வழங்கும் அமைப்பு தானாக இதில் அடங்காது. அப்படி யாராவது உங்களுக்கு வாக்களித்தால், அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மற்றபடி, உங்கள் ஐயம் நியாயமானது. அதைக் கேட்பதற்குத் தாங்கள் கூசவே வேண்டியதில்லை. அமைப்பு பிரதேச செயலகத்திலோ வேறு உரிய இடத்திலோ பதிவு பெற்றதா என்று பதிவு இலக்கத்தோடு கேளுங்கள். பணம் தனியாளின் கணக்குக்குப் போகாமல் அமைப்பின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். அந்தக் கணக்கை இயக்க இரண்டு பேர் கையொப்பம் வேண்டும், அந்த இருவரும் ஒரே வீட்டாராக இருக்கக்கூடாது. இலக்கமிட்ட பற்றுச்சீட்டு ஒவ்வொரு முறையும் வர வேண்டும். நாற்பது ஆண்டுகள் மாணவரின் வரவு இடாப்பை அடித்தல் திருத்தல் இல்லாமல் வைத்திருந்த ஓர் ஆசிரியை இதையெல்லாம் கேட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இன்னொன்றும் செய்யுங்கள்: வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். கணக்காய்வு செய்த அறிக்கையைப் பொருளாளர் வாசிக்கும்போது, கையில் பிரதியோடு ஒருவர் வரிவரியாகப் பின்தொடர்கிறார் என்பது தெரிந்தால், வாசிப்பின் வேகம் தானாகக் குறையும்.

மாதம் 1,000 ரூபாய் சிறியது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 12,000 ரூபாய் தவறாமல் வரும் என்ற உறுதி, எப்போதாவது வரும் ஒரு இலட்சத்தைவிட அமைப்புக்குப் பயன்படும். அதை நம்பித்தான் ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க முடியும்.

கேள்வி: திருகோணமலையில் பிறந்து இன்று கனடாவில் வாழ்கிறேன். எனக்குக் கற்பித்து, பின்னர் அதே பாடசாலையின் அதிபராக உயர்ந்த ஆசிரியையின் பெயரில் நிரந்தரமான புலமைப்பரிசில் நிதி ஒன்றை அமைக்க 20 இலட்சம் ரூபாய் ஒதுக்கியுள்ளேன். பணத்தை ஊரில் உள்ள என் தம்பியின் பெயரில் நிலையான வைப்பில் இட்டு, வட்டியை மட்டும் கொடுத்தால் போதுமா? (வாசகர், டொரொன்டோ)

பதில்: தங்கள் தம்பி நல்லவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவர் பெயரில் இடாதீர்கள். இதற்கு மேரி கியூரி அம்மையாரே நமக்கு வழிகாட்டியிருக்கிறார். ரேடியத்தைக் கண்டுபிடித்த அவருடைய ஆய்வுகூடத்தில் 1920இல் இருந்தது ஏறத்தாழ ஒரு கிராம் ரேடியம் மட்டுமே. ஆராய்ச்சிக்கு இன்னொரு கிராம் தேவைப்பட்டது. அதன் விலையோ 1,00,000 டொலர். இதை அவரிடமே கேட்டறிந்த மேரி மெலனி என்ற அமெரிக்கப் பத்திரிகையாசிரியர், முதலில் செல்வப் பெண்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்து, அது கைகூடாமற் போகவே, நாடெங்குமுள்ள பெண்களிடம் சிறு சிறு தொகைகளாகத் திரட்டினார். ஓர் ஆண்டுக்குள் பணம் சேர்ந்தது. 1921 மே 20ஆம் திகதி வெள்ளை மாளிகையில் சனாதிபதி ஹார்டிங் அதை வழங்குவதாக ஏற்பாடு.

முந்திய நாள் மாலை, கொடைப் பத்திரத்தை அம்மையாரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். அவர் வாசித்துவிட்டு, இதை மாற்ற வேண்டும் என்றார். பத்திரத்தில் ரேடியம் அவருக்கே கொடுக்கப்பட்டிருந்தது. அப்படியே விட்டால், தம் மறைவுக்குப் பின் அது தனியார் சொத்தாகித் தம் மகள்மாருக்குப் போய்விடும். அது ஆய்வுகூடத்துக்கே உரியதாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொன்னதற்கும் இணங்காமல், அன்றிரவே ஒரு சட்டத்தரணியை வரவழைத்துப் பத்திரத்தைத் திருத்தச் செய்தார். இவ்வளவுக்கும், தம் பிள்ளைகள் அதை விற்றுவிடுவார்கள் என்று அவர் அஞ்சவில்லை. மூத்த மகள் ஐரீன் பிற்காலத்தில் தாமே நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி. நம்பிக்கை இருந்த இடத்திலும் எழுத்து வேண்டும் என்றார் அம்மையார். தம்பி பெயரிலுள்ள வைப்பு, அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளின் சொத்து. உங்கள் ஆசிரியையின் பெயர் அதில் எங்கும் இல்லை. ஒரு சட்டத்தரணியைக் கொண்டு நம்பிக்கைப் பொறுப்புறுதி (நிதியை இன்ன நோக்கத்துக்கே பொறுப்பாளர்கள் கையாள வேண்டும் என்னும் பத்திரம்) எழுதி, பொறுப்பாளர்களாக மூவரை நியமியுங்கள்; அவர்களில் ஒருவர் பாடசாலையின் பழைய மாணவியாக இருப்பது நன்று. பாடசாலை என்றாவது பெயர் மாறினாலோ வேறொன்றுடன் இணைக்கப்பட்டாலோ நிதி என்னவாகும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

வட்டியைப் பற்றி ஒரு கணக்கு. 20 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 8 வீத வட்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், வரி போகுமுன் அது 1,60,000 ரூபாய். முழுவதையும் பகிர்ந்துகொடுத்தால் வைப்பிலிட்ட முதல் எப்போதும் 20 இலட்சமாகவே நிற்கும், விலைவாசி நிற்காது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டதையும், அதே ஆண்டின் வசந்தத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாயைத் தாண்டியதையும் தாங்கள் அங்கிருந்தே பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் ஒரு மாணவியின் ஆண்டுச் செலவுக்குப் போதுமாக இருந்த தொகை, பின்னர் கொப்பிகளுக்கும் சப்பாத்துக்கும் பேருந்துக்குமே போதாமற் போன கதைகள் பல. ஆகவே வட்டியில் மூன்றில் ஒரு பங்கையாவது முதலோடு சேர்த்து வாருங்கள். புலமைப்பரிசிலை இத்தனை ரூபாய் என்று பத்திரத்தில் நிலைநிறுத்தாமல், பொறுப்பாளர்கள் மூன்றாண்டுக்கொரு முறை மீளாய்வு செய்யும்படி விடுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: ஆசிரியை உயிரோடு இருந்தால் அவரிடமும், இல்லையேல் அவருடைய பிள்ளைகளிடமும் அனுமதி கேளுங்கள். எந்தப் பாடத்துக்கு, எப்படிப்பட்ட பிள்ளைக்கு என்று அவரே சொன்னால் அதைவிடச் சிறந்த விதி வேறில்லை.

கேள்வி: அம்மா, நான் உயர்தர மாணவி. இத்தகைய விழாக்களில் சொல்லப்படும் பெண் தலைவர்கள் எல்லாரும் வெளிநாட்டவராகவோ கொழும்பாராகவோ இருக்கிறார்கள். நமக்கென்று, நம் ஊருக்கென்று யாரும் இல்லையா? (மாணவி, திருகோணமலை)

பதில்: இருக்கிறார்கள் மகளே. திருகோணமலையில் பெண் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று 1923இல் ஒரு பாடசாலையைத் தொடங்கியவர் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார். அதுதான் இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. நம் நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. வாக்குரிமைக்கும் சிலர் போராடவேண்டியிருந்தது. 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை அமைத்து அவர்கள், அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். ஆணைக்குழு ஆண்களுக்கு 21 வயது, பெண்களுக்கு 30 வயது என்று சிபாரிசு செய்தது. 1931இல் நடைமுறைக்கு வந்தபோது இருவருக்கும் 21 ஆயிற்று. அடுத்த ஆண்டே வடகொழும்புத் தொகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி அன்றைய சட்டமன்றமாகிய அரசாங்க சபைக்குத் தெரிவானார். கனடாவில் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டவராகவே வாழ்ந்த மருத்துவர் மேரி இரத்தினம் 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கிக் கிராமப் பெண்களை ஒன்றுசேர்த்தார். 1958இல், ஆசியாவில் பொதுப்பணிக்கு வழங்கப்படும் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. கிழக்கிலிருந்து, பொத்துவில் தொகுதிக்காக 1980இல் பாராளுமன்றம் சென்றவர் ரங்கநாயகி பத்மநாதன். மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள உன் தோழியருக்கு ஆயிஷா ரவூப் அவர்களைப் பற்றியும் சொல். கேரளத்திலிருந்து வந்து கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபராக இருந்து, பின்னர் கொழும்பு மாநகரின் துணை மேயருமானவர் அவர். மூவினத்தார் வாழும் மாவட்டத்தில், கௌரவிப்புப் பட்டியலும் ஓரினத்தின் பட்டியலாக இருக்கலாகாது என்பதை இந்த அமைப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆனால் உன் கேள்வியில் உள்ள குறை உண்மையானது. திருக்கடலூரில் மீன் விற்கும் பெண்களை முதன்முதலாக ஒரு சங்கமாகச் சேர்த்தவர் யார், உன் கிராமத்து மாதர் சங்கத்தின் முதல் தலைவி யார், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமில் மரநிழலில் வகுப்பு நடத்தியவர் யார் என்று கேட்டால், சொல்லக்கூடிய முதியவர்கள் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதிக் கடற்கோள் கரையோர வீடுகளிலிருந்த படங்களையும் பத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போயிற்று. கொடையாளர்கள் இதற்கும் சிறிது பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். பெரிய தொகை வேண்டாம், ஒரு ஒலிப்பதிவுக் கருவியும், பழைய படங்களைப் பிரதியெடுக்கும் செலவும், பிள்ளைகளுக்குப் பேருந்துக் காசும் போதும்.

நீ இப்போதே தொடங்கலாம். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உன் அம்மம்மாவிடமோ, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடமோ போ. பெயர், பிறந்த ஆண்டு, செய்த வேலை, அதைச் செய்யவேண்டாம் என்று தடுத்தவர் யார், துணை நின்றவர் யார் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுது. எழுதி முடித்ததும் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் அவர்களிடமே வாசித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள். மாதர் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடு எவர் வீட்டுத் தகரப் பெட்டியிலாவது இருந்தால், ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிடு. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்யத் தொடங்கினால் அந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன் முடித்துவிட்டு, எழுதியதை எங்களுக்கும் அனுப்பு.